ஓரத்தில் எழுதியவர்கள்

கும்பகோணம் பக்கம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வாரப் பத்திரிகையை முழுசாக வைத்திருந்த வீடு குறைவு. பத்திரிகை வந்த வாரம் வீடே மாற்றி மாற்றிப் படித்துத் தீர்க்கும். பிறகு வீட்டில் பொறுப்பான ஒருவர், பெரும்பாலும் அம்மா அல்லது கல்யாணமாகாத அக்கா, நடுவில் இருக்கும் பின்னைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டுத் தொடர்கதை அச்சான தாளை மட்டும் உருவிக்கொள்வார். மிச்சம் மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விடும். உருவிய தாள்கள் அலமாரியிலும் மாடத்திலும் பரண் மேல் டிரங்குப் பெட்டியிலும் வாரா வாரம் சேரும். கதை முடிய ஒரு வருஷம் ஆகலாம், மூன்றரை வருஷமும் ஆகலாம். முடிந்ததும் சணல் கயிற்றால் கட்டி பைண்டரிடம் கொண்டுவருவார்கள்.

அந்த பைண்டர்களில் ஒருவர் என் அப்பா. சாரங்கபாணி கோயில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் கடை. கடை என்பது வீட்டுத் திண்ணையும் ரேழியும்தான். கல்லூரி மாணவர்களின் நோட்டு, வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் பதிவேடு, கோயில் கணக்குப் புத்தகம், பஜனை மடத்துப் பாட்டுப் புத்தகம் எல்லாம் வரும். ஆனால் அவர் கை வேகம் குறைந்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை தொடர்கதை பைண்டுதான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அந்தத் தாள்களில்தான்.

தமிழ்த் தொடர்கதையின் சரித்திரத்தை எழுதியவர்கள் எழுத்தாளர்களைப் பற்றி எழுதினார்கள், பத்திரிகை முதலாளிகளைப் பற்றி எழுதினார்கள், ஓவியர்களைப் பற்றியும் ஓரளவு எழுதினார்கள். ஓர் அத்தியாயம் வந்த வாரத்தில் அதைப் படித்த ஜனங்கள் என்ன பேசினார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள், எங்கே கண்ணீர் விட்டார்கள் என்பதை எழுதியவர் இல்லை. பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை ஆசிரியர் குழு பொறுக்கி எடுத்தவை. பைண்டுக்கு வந்த தாள்களின் ஓரத்தில் பென்சிலாலும் பவுண்டன் பேனாவாலும் எழுதியிருந்ததை யாரும் பொறுக்கவில்லை, திருத்தவில்லை. காவிரிக் கரை வாசகர்களின் உண்மையான குரல் அங்கேதான் இருக்கிறது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏன் கிழித்தார்கள், ஏன் பைண்டு செய்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. கதை புத்தகமாக வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. தேவனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவிடைமருதூர்க்காரர். ஆர். மகாதேவன் என்பது முழுப்பெயர், பிறந்தது 1913. கும்பகோணம் கல்லூரியில் படித்துவிட்டு ஆனந்த விகடனில் சேர்ந்து, அதன் நிர்வாக ஆசிரியராகி, ‘மிஸ்டர் வேதாந்தம்’, ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’, ‘துப்பறியும் சாம்பு’ என்று வாரா வாரம் எழுதினார். 1957 மே மாதம் அவர் காலமானபோது அவருடைய கதைகளில் பெரும்பாலானவை புத்தக வடிவம் பெற்றிருக்கவில்லை. புத்தகம் வரும் வரைக்கும் ‘சாம்பு’வை மறுபடி படிக்க வேண்டுமென்றால் யாரோ ஒரு மாமி கிழித்துத் தைத்து வைத்திருந்த கட்டுதான் கதி. அது வீடு வீடாக இரவல் போகும். திரும்பி வரும்போது அட்டையில் எண்ணெய்க் கறையும், உள்ளே வேறொருவர் கையெழுத்தில் அபிப்பிராயமும் இருக்கும்.

இன்னொரு காரணமும் எனக்குப் படுகிறது. இந்தக் கதைகள் மதராஸில் அச்சானாலும் அவற்றை உண்டாக்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் ஜில்லாக்காரர்கள். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி அதைத் தமிழ்நாட்டின் பெரிய வாரப் பத்திரிகையாக்கிய எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். கல்கி மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலம். உ.வே. சாமிநாதையர் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரம். அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 முதல் விகடனில் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயத்தோடு நின்றுபோனது. கும்பகோணம் கல்லூரியில் அவரிடம் படித்தவர்கள் உயிரோடு இருந்த காலம் அது. விகடனில் ‘தியாகபூமி’ தொடராக வந்தபோது சித்திரங்களுக்குப் பதிலாக அதே பெயரில் தயாராகிக்கொண்டிருந்த சினிமாவின் புகைப்படங்கள் இடம்பெற்றன. 1939-இல் வெளியான அந்தப் படத்தை எடுத்த கே. சுப்பிரமணியம் பாபநாசத்தில் பிறந்தவர். ஓவியர் கோபுலு தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆக, இங்கிருந்து ரயிலேறிப் போனவர்கள் எழுதியதும் வரைந்ததும் வாரா வாரம் ரயிலில் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. கதையில் வரும் வாய்க்காலும் மதகும் கோயில் தெருவும் படிப்பவர்களுக்குத் தெரிந்தவை. தெரிந்த இடத்தில் நடக்கும் கதையைப் பற்றி ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இதற்கு முன்னாலும் இங்கே நாவல் மோகம் இருந்தது. மன்னார்குடி பக்கத்து வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வையும் ‘திகம்பர சாமியா’ரையும் என் பாட்டி காலத்துப் பெண்கள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் நடமாடும் நூலகத்தை எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஏற்படுத்தினார். தொடங்கி வைத்தவர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். வண்டிச் சத்தம் கேட்டால் களத்து மேட்டிலிருந்து ஆட்கள் வந்த ஊர் இது.

அப்பாவின் வேலையைச் சொல்கிறேன். கட்டு வந்ததும் முதலில் அத்தியாய எண் பார்த்து அடுக்குவார். காணாத அத்தியாயம் எதுவென்று துண்டுத் தாளில் குறித்து, ‘இதெல்லாம் கொண்டாங்க, அப்புறம்தான் ஊசி எடுப்பேன்’ என்று திருப்பி அனுப்புவார். நடுவில் ஓர் அத்தியாயம் இல்லாத கதையைத் தைப்பதில்லை என்பதில் அவர் கண்டிப்பு. அந்த வீட்டுக்காரர்கள் தெருத் தெருவாகக் கேட்டு அலைவார்கள். ஒரு வாரத் தாளுக்கு இன்னொரு கதையின் இன்னொரு வாரத் தாளைக் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள். எங்குமே கிடைக்காவிட்டால், யார் வீட்டிலாவது இரவல் வாங்கி அந்த அத்தியாயத்தை அப்படியே கையால் நகல் எழுதிக் கொண்டுவருவார்கள். அச்சுத் தாள்களுக்கு நடுவே நீல மசியில் எழுதிய அத்தியாயம் சேர்ந்த பைண்டுகள் எங்கள் கடையில் சாதாரணம். சில பேர் ஓவியர் மணியம் வரைந்த சித்திரத்தையும் பார்த்து வரைய முயன்றிருப்பார்கள்.

பசை மைதாவில் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் பொடித்துப் போடுவார். அந்தப் பசையில் கை வைத்துவிட்டு வாயில் வைக்கக்கூடாது என்பது எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நூலுக்குத் தேன்மெழுகு தேய்ப்பார். முதுகுக்கும் மூலைக்கும் காலிகோ துணி, மிச்ச அட்டைக்குப் பூப்போட்ட காகிதம். பெரிய வீட்டுக்காரர்கள் முதுகில் தங்க எழுத்து கேட்பார்கள். கடைசியில் கத்தி மெஷினில் மூன்று பக்கமும் ஓரம் வெட்ட வேண்டும். வெட்டினால்தான் பைண்டு அழகு. ஆனால் அந்த ஓரத்தில்தான் வாசகர்கள் எழுதியிருப்பார்கள். அப்பா எழுத்து இருக்கும் தாளை உள்ளே மடித்துவிட்டு வெட்டுவார். ‘அது அவங்க பேசினது, அதை வெட்ட நமக்கு என்ன பாத்தியதை இருக்கு?’ என்பார். அதனால் எங்கள் கடை பைண்டைத் திறந்தால் அங்கங்கே காகிதக் காது ஒன்று விரியும்.

என்ன எழுதியிருந்தார்கள்? பாதி ஒற்றை வார்த்தைகள். ‘சபாஷ்’, ‘பாவி’, ‘போச்சு’, ‘நினைச்சேன்’. கொஞ்சம் நீளமானவை கதாபாத்திரத்தோடு நேராகப் பேசும். ‘அந்த ஓலையை அவனிடம் கொடுக்காதேடி’ என்று ஒரு பெண் கையெழுத்து. ஒரு பாட்டு வாத்தியார் வீட்டுத் தாளில், கதையில் பாடுவதாக வரும் ராகம் அந்த வேளைக்கு உரியதல்ல என்று திருத்தம். ஒரே தாளில் இரண்டு மூன்று கையெழுத்து வாதம் செய்வதும் உண்டு. மாமனார் எழுதியதற்குக் கீழே மருமகள் மறுப்பு எழுதியிருப்பாள். நேரில் நிமிர்ந்து பேச முடியாத வீட்டில் அவளுக்கு அந்த ஓரம் கிடைத்தது. இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய கட்டு ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபர் கடைசியில் கல்கி பத்திரிகையில் ஆரம்பித்தது, 1954 மே மாதம் முடிந்தது. ஐந்து பாகம். அப்பா அதை ஒரே பைண்டாகச் செய்ய மறுத்து, பாகத்துக்கு ஒன்றாக ஐந்து செய்வார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக் கரைமேல் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தைப் படித்த வாரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து உறவினர்களுக்கெல்லாம் மரியாதை கூடிவிட்டதாம். குடந்தை, பழையாறை, திருவையாறு, தஞ்சை, நாகப்பட்டினம், கோடிக்கரை என்று கதை போன இடமெல்லாம் பஸ் போகிற இடம். இன்னது இன்ன இடத்தில் நடந்திருக்கும் என்று கும்பகோணத்தில் நின்றுகொண்டே கை காட்டுவார்கள்.

1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் ஜில்லாவையே புரட்டிப் போட்டது. தென்னையும் வாழையும் சாய்ந்து, தண்டவாளத்தில் மரம் விழுந்து, மதராஸ் ரயில் நின்றது. வீட்டு ஓடு போன துக்கத்துக்கு நடுவிலும் ‘கல்கி வந்துதா?’ என்று கடைக்குக் கேட்க வந்தார்கள் என்று அப்பா சொல்வார். கதையிலும் புயல் உண்டு, கடலில் கப்பல் சிக்கும் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தின் தாள்களை நாகப்பட்டினம் பக்கத்தில் ஒருவர், புயலுக்குப் பிறகு மறுபடி எடுத்துப் படித்திருக்கிறார். ‘இப்போதுதான் புரிகிறது’ என்று தேதி போட்டு எழுதியிருந்தார்.

ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறந்து கிடக்கும் இடம் வந்ததும் ஓரங்கள் நிரம்பி வழிந்தன. கொன்றது யார்? விளக்கு அணைந்துவிடுகிறது. நந்தினி இருக்கிறாள், ரவிதாசன் கூட்டம் இருக்கிறது, பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார், வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. கல்கி உறுதியாகச் சொல்லாமல் விட்டார். எங்கள் தெருவில் மட்டும் நாலு கட்சி. பழுவேட்டரையர் கட்சியும் நந்தினி கட்சியும் குளத்துப் படிக்கட்டில் குரல் உயர்த்திப் பேசி, கோயில் மணியக்காரர் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டிருக்கிறேன். இது வெறும் கதைச் சண்டை இல்லை என்பதுதான் எங்கள் ஊரின் தனிச் சிறப்பு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய நிலங்களையும் அவர்கள் உறவினர் நிலங்களையும் பறித்ததைச் சொல்கிறது. அந்தக் கல்வெட்டை வைத்து கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பண்டாரத்தார் கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் பிறந்தவர். அதே திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்டில்தான் கல்கி ஆபத்துதவிகளின் சதிக் கூட்டத்தை வைக்கிறார். பிற்காலத்தில் குடவாயில் பாலசுப்ரமணியனும் இந்தக் கல்வெட்டை எடுத்துக்கொண்டு நீண்ட ஆராய்ச்சி செய்தார். ஆக, ஒரு தொடர்கதை அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாசகர் எழுப்பிய கேள்வியும் சரித்திர ஆசிரியர்கள் எழுப்பிய கேள்வியும் ஒன்று. அப்பாவிடம் பைண்டுக்குக் கொடுத்த ஒரு பள்ளி ஆசிரியர், பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்திலிருந்து பக்க எண்ணோடு குறிப்பெடுத்துக் கொலை அத்தியாயத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். கல்கிக்கு எதிராக அல்ல, கல்கிக்குத் துணையாக.

கடைசி அத்தியாயத்துக்கு ‘மலர் உதிர்ந்தது’ என்று பெயர். மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள். அந்த வாரத் தாள்கள் சில வீடுகளிலிருந்து சுருங்கிப் போய் வந்தன என்பார் அப்பா. கண்ணீர் பட்ட காகிதம் காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். நான் பார்த்த தாள்களிலும் அப்படி உண்டு. அதோடு கதை முடிந்துவிட்டது என்பதைத்தான் யாராலும் ஏற்க முடியவில்லை. குந்தவை கல்யாணம் என்ன ஆயிற்று, வானதி என்ன ஆனாள், நந்தினி எங்கே போனாள், ராஜராஜன் எப்போது பட்டம் கட்டிக்கொண்டான், அதற்குள் நிறுத்திவிட்டால் எப்படி? கல்கிக்குக் கடிதங்கள் குவிந்தன. அவர் முடிவுரை எழுத வேண்டி வந்தது. வாசகர்கள் பலர் முடிவில் திருப்தி அடையவில்லை என்பதை அவரே அதில் ஒப்புக்கொண்டு, அவர்கள் கேட்ட கேள்விகளை எடுத்து வைத்து, இன்னின்னாருக்குப் பின்னால் இன்னின்னது நடந்தது என்று பதில் சொன்னார். சரித்திரத்தை வைத்துக் கதை எழுதுபவன் எங்கே நிறுத்தலாம் என்றும் விளக்கினார். தமிழ் நாவலில் வாசகர்கள் கேட்டு வாங்கிய பகுதி என்று நான் இந்த முடிவுரையைத்தான் சொல்வேன். இன்று வரும் புத்தகப் பதிப்புகளிலும் அது கடைசியில் இருக்கிறது. பலரும் அதைப் புரட்டாமல் மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள். 1954-இல் தஞ்சாவூர் ஜில்லா உட்படத் தமிழ்நாடே ஒரு கதாசிரியரை நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகள் அதில் இருக்கின்றன.

அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார். வயது 55. ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்தி அதை முடித்தார். வாசகர்கள் அத்தியாயத்தின் ஓரத்தில் எழுதிய கடைசிக் கேள்விகளுக்கு பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

இங்கிலாந்தில் 1893-இல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது ஸ்ட்ராண்ட் பத்திரிகையின் சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள் என்று படித்திருக்கிறேன். கடைசியில் டாயில் இறங்கி வந்து ஹோம்ஸை உயிரோடு கொண்டுவந்தார். கல்கி மணிமேகலையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு பதில் சொன்னார். எனக்கு இது பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

யார் படித்தார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர்கள் அக்ரஹாரத்திலும் வேளாளத் தெருவிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள். ‘பொன்னியின் செல்வன்’ ஓடிக்கொண்டிருந்த அதே 1952-இல்தான் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் வெளியேற்றக் கூடாது என்று தஞ்சாவூர் ஜில்லாவுக்காகத் தனிச் சட்டம் வந்தது. வயலில் இறங்கியவர்களுக்குப் படிக்க நேரமும் இல்லை, பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடமும் கிடைக்கவில்லை. ஆனாலும் கதை அவர்களிடம் போகாமல் இல்லை. முடிதிருத்தும் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். திருவாரூர் பக்கம் படிப்பகங்கள் வந்தன. அங்கே வேறு பத்திரிகைகள், வேறு கதைகள். திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி பள்ளிக்கூட நாளிலேயே ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். 1942-இல் திருவாரூரில் ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாக ஆரம்பித்தார். பின்னால் அவரும் ‘ரோமாபுரிப் பாண்டியன்’ போன்ற சரித்திரத் தொடர்கள் எழுதினார். அவற்றைப் பைண்டு செய்யக் கொண்டுவந்தவர்கள் சைக்கிள் கடைக்காரர், தையல்காரர், பஞ்சாயத்து ஆபீஸ் பியூன். பணம் தவணையில் கொடுப்பார்கள். அவர்களுடைய ஓரக் குறிப்புகள் கதையோடு அரசியலையும் பேசின. ஒரே திண்ணையில் இரண்டு வகைக் கட்டும் பக்கத்தில் பக்கத்தில் பசை காய்ந்தன. இரண்டு தரப்பும் கடையில் சந்தித்துக்கொண்டால் சோழனைப் பற்றித்தான் பேச்சு.

‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது வாசகர்களின் கோபமும் சந்தோஷமும் வேறு ரகம். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஐம்பதுகளில் விகடனில் எழுதியது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரமும் திருவாரூர் மோகனாவின் சதிரும். கோபுலுவின் படங்கள். நிஜமான மேளக்காரர்கள் நிறைந்த ஜில்லாவில் இந்தக் கதை வந்தால் என்ன ஆகும்? ‘இது யாருடைய கதை?’ என்று தேடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஊரும் சண்முகசுந்தரம் தன் ஊர் வித்வான் என்றது. ஒரு தவில்காரர் பைண்டுக்குக் கொடுத்த கட்டில், கோபுலு படத்தில் தவில் கட்டியிருக்கும் வார் சரியாக இருக்கிறது என்று அடிக்கோடிட்டுப் பாராட்டி எழுதியிருந்தார். தஞ்சாவூரில் வளர்ந்தவர் கையால் வரைந்தது அப்படித்தானே இருக்கும். 1968-இல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்து அதை உலகமே பார்த்தது. எனக்கு மட்டும் இன்றும் மோகனா என்றால் கோபுலுவின் கோடுகள்தான் முதலில் வரும். தேவன் மறைந்த பிறகு ‘துப்பறியும் சாம்பு’வையும் கோபுலு வாராந்திரப் படக்கதையாக வரைந்தார். அந்த மூக்கையும் அசட்டுச் சிரிப்பையும் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தோம். படக்கதைத் தாளின் ஓரத்தில் எழுத்துக்குப் பதில் படம் இருக்கும். பிள்ளைகள் தாங்களே சாம்பு வரைந்து அடுத்த கட்டத்தைச் சேர்த்திருப்பார்கள்.

ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் வந்தது. கும்பகோணத்தின் சந்தும் படித்துறையும் அப்படியே அதில் இருந்தன. அந்தக் கட்டுகளின் ஓரத்தில் எதுவுமே எழுதியிருக்காது. படித்தவர்கள் வாய் திறக்காமல் படித்த கதை அது. அதுவும் ஒரு பதில்தான்.

எண்பதுகளில் அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊசி கோத்துக் கொடுப்பேன். அப்போது விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 2022-இல் நடக்கும் கதை. குழந்தை பெற அரசாங்க அனுமதி வேண்டும், பெயர் சின்னதாகத்தான் இருக்க வேண்டும், ஜீவா என்ற தலைவரை எல்லோரும் கும்பிட வேண்டும். அதில் ஜீனோ என்ற இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், கிண்டல் செய்யும், நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக நிற்கும். காவிரியில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த கிராமங்களில் இந்த நாய்க்குக் கிடைத்த அன்பை நான் கண்ணால் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமை காலையில் பாடம் ஆரம்பிக்க விடமாட்டார்கள். ‘டீச்சர், ஜீனோவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?’ ஒரு பையன் தன் வீட்டு நாய்க்கு ஜீனோ என்று பெயர் வைத்தான். அடுத்த வருஷம் தெருவில் மூன்று ஜீனோ. பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் கொண்டுவந்த கட்டில், ஜீனோ தத்துவம் பேசும் இடத்தில், ‘இது நம்மைவிடப் புத்திசாலி, இதை எங்கள் பஞ்சாயத்துக்குத் தலைவராகப் போடலாம்’ என்று இருந்தது. ஜீவா என்ற தலைவரே உண்மையில் இல்லை, வெறும் பிம்பம் என்று கதை உடைத்துச் சொன்ன வாரத்தில், எல்லாக் கட்டிலும் ஓரத்தில் ஒரு கட்சித் தலைவர் பெயர். கட்டுக்குக் கட்டு வேறு வேறு தலைவர். பிறகு தூர்தர்ஷனில் அது தொடராகவும் வந்தது. டி.வி. இருந்த வீட்டின் கூடத்தில் தெருவே உட்கார்ந்தது. ஆனால் டி.வி.க்கு ஓரம் கிடையாது.

அந்தக் கதைதான் எங்கள் கடைக்குப் பெரிய எண்ணிக்கையில் வந்த கடைசித் தொடர். தொடர் முடிந்த கையோடு புத்தகம் கடைக்கு வரத் தொடங்கியபின் கிழிக்க வேண்டிய அவசியம் இல்லை. காகிதமும் மாறியது, வழவழப்பான தாளில் பென்சில் நிற்காது. பெண்கள் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீடுகள் விற்கப்பட்டபோது பரண் காலியானது. பழைய பேப்பர் கடைத் தராசில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் கிலோ கணக்கில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அச்சான கதைக்கு நஷ்டம் இல்லை. கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமையாகி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆகிவிட்டது. கல்கி பத்திரிகையும் அதைப் பல தடவை மறுபடி தொடராக வெளியிட்டது. போனது வாசகர்களின் கையெழுத்து. அதற்கு இரண்டாம் பிரதி கிடையாது.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் வந்தபோது கும்பகோணம் தியேட்டரில் எனக்கு முன் வரிசையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஐந்தாறு பெண்மணிகள். படம் ஓடும்போதே, ‘இது கதையிலே இல்லையே’, ‘அந்த இடத்தை ஏன் விட்டாங்க’ என்று பேசிக்கொண்டே பார்த்தார்கள். இளைஞர்கள் திரும்பி முறைத்தார்கள். இடைவேளையில் அதே இளைஞர்கள் வந்து, ‘பாட்டி, கரிகாலனைக் கொன்னது யாரு?’ என்று கேட்டார்கள். மூன்று பாட்டிகள் மூன்று பெயர் சொன்னார்கள்.

பைண்டுகள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுக்கோட்டை ஞானாலயாவிலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பாருங்கள். கிறுக்கல் என்று ரப்பரால் அழிக்க வேண்டாம். மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால், ஓரத்தை வெட்ட வேண்டாமென்று பைண்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாருடைய கையெழுத்து என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது அடையாளம் சொன்னால், அந்தப் பெயரையும் உறவையும் ஊரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மசி ஊறும்.